சத்திரத்துப் பால்

காலை நாலரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். கிளம்பியது ஆறே கால்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கைக்குழந்தையோடு காரில் வெளியூர் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நமக்கு ஒரு பெட்டி என்றால் அதற்கு நாலு பெட்டி. டயப்பர், வெந்நீர் பிளாஸ்க், கிலுகிலுப்பை, மூன்று ஸ்வெட்டர். சித்திரை மாசத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏழே கால் ஆகியிருக்கும்.

எங்கள் வீட்டில் வாண்டுகள் இரண்டு. பெரியவளுக்கு நாலரை வயசு. சின்னவனுக்கு எட்டு மாசம். அவனுக்குக் காது குத்து. தி.நகர் பனகல் பார்க்கிலிருந்து பட்டுக்கோட்டைப் பக்கம் மாமியார் ஊர் வரைக்கும் போகவேண்டும். நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

'அப்பா, ஊரு வந்துடுச்சா?' என்ற முதல் கேள்வி சைதாப்பேட்டை பாலத்திலேயே வந்துவிட்டது. இந்தப் பாலத்துக்கே ஒரு கதை உண்டு. இன்று மறைமலை அடிகள் பாலம். அதற்கு முன்னால் அங்கே இருந்தது மர்மலாங் பாலம். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வியாபாரி 1726ல் சொந்தப் பணத்தைப் போட்டு அடையாற்றின் குறுக்கே கட்டியது. பரங்கிமலைக்குப் போகிற யாத்ரீகர்கள் ஆற்றில் இறங்கிக் கஷ்டப்படக் கூடாது என்று கட்டினார். மலைக்குப் படிக்கட்டும் போட்டுக் கொடுத்தார். எங்கிருந்தோ இந்த ஊருக்குப் பிழைக்க வந்த மனிதர். வழிப்போக்கனுக்காகப் பாலம் கட்டினார். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

கத்திப்பாரா, தாம்பரம், செங்கல்பட்டுக்கு முன்னால் பரனூர் டோல்கேட். ஃபாஸ்டேக் வில்லையை ரீடர் படித்தது, கம்பி உயர்ந்தது, என் செல்போன் 'டிங்' என்றது. அந்த 'டிங்'கில் சின்னவன் முழித்துக்கொண்டான். பசி. அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை.

'ஏங்க, எங்கயாச்சும் ஓரமா நிறுத்துங்களேன்.'

எங்கே நிறுத்துவது? ஆறு வழிச் சாலையின் ஓரத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு போகின்றன. சித்திரை வெயில் ஒன்பது மணிக்கே பல்லைக் காட்டுகிறது. பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை. முப்பது கார் நிற்கிறது. உள்ளே போய், குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவான இடம் கிடைக்குமா என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

'அதெல்லாம் இல்ல சார். கார்லயே குடுக்கச் சொல்லுங்க.'

கார் கண்ணாடியில் துண்டைச் செருகி, ஏ.சி.யை ஓடவிட்டு, பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு என் மனைவி பால் கொடுத்தாள். நான் வெளியே நின்று காவல் காத்தேன். பெரியவள் ஐஸ்க்ரீம் வேண்டும் என்றாள். அங்கே அது மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு செலவாகப் பார்க்கிற வியாதி உண்டு. காவல் நின்ற அந்த இருபது நிமிஷத்தில் ஒரு கணக்குப் போட்டேன். இந்தச் சாலையில் போவதற்கு வாகன வரி கட்டியிருக்கிறேன். பெட்ரோலில் வரி. டோலில் கட்டணம். இத்தனையும் வாங்கிக்கொண்ட சாலை, எட்டு மாசக் குழந்தைக்காக ஒதுக்கியது எவ்வளவு?

அப்போது தோன்றிய அடுத்த கேள்விதான் இந்த வாரக் கட்டுரை. காரே இல்லாத காலத்தில் இதே தெற்குச் சாலையில் கைக்குழந்தையோடு போனவர்கள் என்ன செய்தார்கள்?

முதலில் தூரத்தைப் புரிந்துகொள்வோம்.

மாட்டு வண்டி ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குப் பதினோரு நாள். நடுவில் ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையிலேயே இரண்டு நாள் காத்திருப்பு. ராமேஸ்வரம் வரை என்றால் மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இதுகூட வண்டி வைத்துக்கொள்ள முடிந்தவர்களின் கணக்கு. ஏழைகள் நடந்தார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, தலையில் மூட்டை.

வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்துக் குழந்தையைப் போடுவார்கள். வெயில் காலத்தில் பகலில் தோப்பில் படுத்துவிட்டு ராத்திரியில் போவார்கள். வண்டியின் ஆட்டத்துக்குக் குழந்தை தானாகத் தூங்கிவிடும். பிரச்னை தூக்கத்தில் இல்லை. பாலில்.

யோசித்துப் பாருங்கள். பவுடர் பால் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லை. காலையில் கறந்த பாலைச் செம்பில் எடுத்துக்கொண்டு கிளம்பினால், சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் திரிந்துவிடும். தாய்ப்பால் இருக்கிறதே என்றால், வெயிலில் நாள் முழுக்க நடந்து, அரை வயிறு சாப்பிட்டு, தண்ணீரும் சரியாகக் குடிக்காத அம்மாவுக்கு எத்தனை நாள் சுரக்கும்? ஆக, பாலைக் கொண்டுபோக முடியாது. போகிற இடத்தில் பால் இருக்கவேண்டும். அதுவும் ஒரு நாள் நடைதூரத்துக்கு ஒரு இடத்தில், தவறாமல் இருக்கவேண்டும். கடையில் விற்கிற பண்டமாக இருந்தால் ஏழைக்குப் பிரயோஜனமில்லை. அதனால் இலவசமாகவும் இருக்கவேண்டும்.

இப்படி ஒரு ஏற்பாட்டை இன்று செய்யச் சொன்னால் நமது அதிகாரிகள் மூன்று கமிட்டி போடுவார்கள். ஆனால் செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சாலைகளில் செய்திருக்கிறார்கள்.

மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். 1689 முதல் 1706 வரை, பேரனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர். தென் மாவட்டங்களில் இன்றைக்கும் 'மங்கம்மா சாலை' என்று வயசானவர்கள் சொல்கிற சாலைகள் உண்டு. சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பேரில் சத்திரம் இன்னும் இருக்கிறது.

ராணிகள்தான் செய்தார்கள் என்றில்லை. கிராமத்துச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தலைச்சுமையோடு வருகிறவன் அடுத்தவர் உதவி இல்லாமல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக்கொண்டு போகலாம். இதை யாருக்காக நட்டார்கள் தெரியுமா? வயிற்றில் குழந்தையோடு செத்துப்போன பெண்ணின் ஞாபகமாக. அவளால் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாக, ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவன் தன் சுமையை இறக்கி வைக்கட்டும் என்பது நம்பிக்கை. சாலை அகலப்படுத்தும்போது இந்தக் கற்களைத்தான் முதலில் பெயர்த்துப் போடுகிறோம்.

சரி, பால் விஷயத்துக்கு வருவோம். அதற்குத் தஞ்சாவூர் போகவேண்டும்.

இரண்டாம் சரபோஜியின் கதை சினிமாவுக்கு ஏற்ற கதை. 1777ல் பிறந்தவர். பிள்ளை இல்லாத துளஜா ராஜா சாகும் தறுவாயில், 1787ல், பத்து வயசுப் பையனைத் தத்தெடுத்தார். ஆனால் அரியணையில் போய் உட்கார்ந்தது துளஜாவின் தம்பி அமர்சிங். பையனுக்கு அரண்மனையில் நிம்மதி இல்லை. கிறிஸ்தவப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் அவனுக்குக் கார்டியனாக நின்று காப்பாற்றினார். 1793ல் பையனைச் சென்னைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். துளஜாவின் விதவைகளும் கூட வந்தார்கள். உயிருக்குப் பயந்து பெண்களோடு ஊரைவிட்டுக் கிளம்பி இருநூறு மைல் தாண்டி வருவது என்றால் என்ன என்று பதினைந்து வயசிலேயே அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

1798ல் அரியணை கிடைத்தது. அடுத்த வருஷமே பில் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியோடு 1799ல் ஓர் ஒப்பந்தம். ராஜ்ஜியத்தின் நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்கு. ராஜாவுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். சுருக்கமாகச் சொன்னால், முதலாளியை வி.ஆர்.எஸ்.ஸில் அனுப்பிவிட்டார்கள்.

கம்பெனி கணக்கில் புலி. இனிமேல் எந்த நிலம் யாருடையது, எதற்கு வரி இல்லை, ஏன் இல்லை என்று நோண்டுவார்கள் என்பது ராஜாவுக்குத் தெரியும். ராஜ்ஜியம் போனதைப் பொறுத்துக்கொண்ட மனிதர், ஒரே ஒரு விஷயத்தில் பதறினார். சத்திரங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற யாத்திரைச் சாலை நெடுகச் சத்திரங்கள் இருந்தன. அவருடைய முன்னோர் கட்டியவை. ஒவ்வொன்றுக்கும் மானியக் கிராமங்கள். அந்தக் கிராமத்து விளைச்சலில்தான் உலை கொதிக்கவேண்டும். கிராமம் கம்பெனிக் கணக்கில் ஏறினால் உலை அணைந்துவிடும். 1801ல், தஞ்சாவூரில் இருந்த கம்பெனியின் பிரதிநிதி பெஞ்சமின் டோரினுக்கு சரபோஜி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயசு.

அந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். அரசியல் கடிதம் மாதிரியே இருக்காது. சமையல்காரர் ஸ்டோர் ரூம் கணக்குச் சொல்வதுபோல் இருக்கும். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்கிறார்.

வருகிறவர் யாராக இருந்தாலும், சாதி அடுக்கின் மேல்படியிலிருந்து கடைசிப் படிவரைக்கும், சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியாகவும் சாமானாகவும் கொடுப்பார்கள். இது நடுராத்திரி வரை நடக்கும். நடுராத்திரியில் மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா, வாருங்கள் என்று கூவுவார்கள்.

இந்த மணியை என்னால் மறக்க முடியவில்லை. நம்மூரில் ராத்திரி பத்தே முக்காலுக்கு ஹோட்டலில் நுழைந்து பாருங்கள். நாற்காலியைக் கவிழ்த்து மேஜைமேல் போட்டிருப்பார்கள். 'எல்லாம் முடிஞ்சிடுச்சு சார்' என்று ஒரு பையன் சொல்வான். அங்கே நடுராத்திரியில் ஆள் தேடியிருக்கிறார்கள்.

மேலே கேளுங்கள். மழை, வெள்ளம் என்று மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை நாள் தங்கினாலும் சாப்பாடு. வியாதிக்கு, வீக்கத்துக்கு, விஷக்கடிக்கு வைத்தியர்கள். வழியில் நோயில் விழுந்தவர்களுக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும். ஏழைகளின் கைக்குழந்தைகளுக்குப் பால்.

வந்துவிட்டது பார்த்தீர்களா? பால்!

அதோடு நிற்கவில்லை. கர்ப்பிணிகளை அன்பாகக் கவனித்துக்கொள்ளவேண்டும். சத்திரத்திலேயே பிரசவம் ஆனால் செலவு சத்திரத்துடையது. மருந்தும் கொடுத்து, பிரசவமான பிறகு மூன்று மாசம் அங்கேயே தங்கவிடவேண்டும்.

மூன்று மாசம். இந்தியாவில் 1961ல் வந்த மகப்பேறு நலச் சட்டம், வேலைக்குப் போகிற பெண்களுக்குக் கொடுத்த விடுப்பு பன்னிரண்டு வாரம். 2017ல்தான் அது இருபத்தாறு வாரமானது. அந்தப் பன்னிரண்டு வாரத்தை, வேலைக்காரியும் அல்ல, சொந்தக்காரியும் அல்ல, ரோட்டில் போகிற யாரோ ஒரு பெண்ணுக்கு, தங்க இடமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

கடிதத்தில் இன்னொரு விஷயம் உண்டு. படிக்கும்போது வயிற்றைப் பிசைகிற விஷயம். அநாதைகள். அதாவது, சத்திரத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களின் அநாதைக் குழந்தைகள். குடும்பத்தோடு யாத்திரை கிளம்பி, வழியில் அப்பா அம்மா இருவருமே காய்ச்சலிலோ பேதியிலோ போய்விட்டால் அந்தக் குழந்தை என்ன ஆகும்? அதன் பாஷை அங்கே யாருக்கும் தெரியாமல்கூட இருக்கலாம். ஊர் எது என்று சொல்லவும் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தைகளைச் சத்திரத்து வாத்தியாரிடம் ஒப்படைக்கவேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு. நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய்க் குளியல். துணி, மருந்து. எந்தப் படிப்பில் ஆசையோ அந்தப் படிப்பு. வளர்ந்த பிறகு கல்யாணச் செலவும் சத்திரத்துக் கணக்கில்.

நாலு நாளைக்கு ஒரு எண்ணெய்க் குளியல் என்று ராஜா எழுதுகிறார், கவனியுங்கள். என் வீட்டில் வாரத்துக்கு ஒன்று நடந்தாலே பெரிய விஷயம்.

இதனால்தான் தஞ்சாவூர் சீமைக்குத் தர்மராஜ்யம் என்று பேர், அந்தப் பேர்தான் எனக்குப் பெரிய கௌரவம் என்கிற பொருளில் எழுதி, இதில் கைவைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். கம்பெனி விட்டுக்கொடுத்தது. சத்திரங்கள் ராஜாவின் பொறுப்பிலேயே இருந்தன.

மறு வருஷம், 1802ல், ஒரத்தநாட்டில் புதிதாக ஒரு பெரிய சத்திரம் எழுந்தது. சரபோஜியின் அன்புக்குரியவராக இருந்த முத்தாம்பாள் என்கிற பெண்மணியின் பேரில். சாகும்போது, என் பேர் சொல்ல ஒரு சத்திரம் கட்டுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். இந்தச் சத்திரங்களின் பேர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள். மீமிசலில் ராஜகுமாராம்பாள். வரிசையாகப் பெண்கள். செத்துப்போன பெண்ணுக்காகச் சுமைதாங்கி நட்ட அதே மனசுதான், கையில் காசு இருந்தால் சத்திரம் கட்டியிருக்கிறது.

இந்த இடத்தில் 'ஆஹா, என்ன பொற்காலம்!' என்று முடித்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கில் வரவுப் பக்கத்தை மட்டும் காட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார்.

எல்லோருக்கும் சோறு என்றால் எல்லோரும் ஒரே பந்தியில் என்று அர்த்தமில்லை. சத்திரத்தில் நாலு வேதத்துக்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள். அந்தப் படிப்பு யாருக்கு என்று தனியாகச் சொல்லவேண்டாம். ராஜா கட்டியது இப்படி என்றால், பின்னால் பல ஊர்களில் செல்வந்தர்கள் கட்டிய சத்திரங்களில் வாசலிலேயே கேட்டார்கள், 'என்ன ஆள்?' என்று. 1904ல் ஈரோட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை ஒருவர் கோபித்துக்கொண்டு காசிக்குப் போனார். பசி. சத்திரத்து வாசலில், பிராமணர் இல்லை என்பதால் உள்ளே விடவில்லை. கட்டிக்கொடுத்தவரே பிராமணர் அல்லாத ஒரு தென்னாட்டுச் செல்வந்தர் என்பது பிறகு தெரிந்தபோது அவருக்கு வந்த கோபம் கடைசிவரை தணியவில்லை. பெரியாரைத்தான் சொல்கிறேன்.

அவராவது அப்போது இருபது வயசு தாண்டியவர். அதற்கு மூன்று வருஷம் முன்னால் நடந்த இன்னொரு பயணத்தில் போனவர்கள் சின்னப் பையன்கள்.

1901. மகாராஷ்டிரத்தில் சாத்தாரா. ஒன்பது வயசுப் பையன், அவன் அண்ணன், அக்கா வீட்டுப் பிள்ளை. அப்பா கோரேகாவில் கேஷியர் வேலை பார்க்கிறார். கோடை லீவுக்கு அங்கே வரச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை, ஜிகினாத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி. முதல் ரயில் பயணம். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால், கூட்டிப்போக ஆள் வரவில்லை. தகவல் போய்ச் சேரவில்லை.

நல்ல உடுப்பில் நிற்கிற பையன்களைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் பிரியமாக விசாரித்தார். என்ன ஜாதி என்றார். மஹார் என்று சொன்னதும் முகம் மாறியது. வெளியே வண்டிக்காரர்கள் நிறையப் பேர். ஒருவரும் ஏற்றமாட்டேன் என்றார்கள். கடைசியில் ஒருவன் சம்மதித்தான். இரட்டைக் கூலி. வண்டியைப் பையன்களே ஓட்டவேண்டும். தீட்டுப் படாமல் அவன் கூடவே நடந்து வருவான்.

கட்டுச்சோறு இருந்தது. தண்ணீர் இல்லை. வழியில் கிடைத்ததெல்லாம் மாடு கலக்கிய குட்டை. ராத்திரி வெகுநேரம் கழித்து ஒரு மலையடிவாரத்தில் சுங்கச்சாவடிக் குடிசை. பையன் அங்கே போய், தான் முஸ்லிம் என்று பொய் சொல்லி, உருதுவில் பேசித் தண்ணீர் கேட்டான். சுங்கக்காரர், உனக்காக யார் இங்கே தண்ணீர் வைத்திருக்கிறார்கள், வேண்டுமென்றால் மலைமேல் போய் எடுத்துக்கொள் என்றார். அன்று ராத்திரி பையன்கள் சாப்பிடாமலே படுத்தார்கள். தண்ணீர் இல்லாமல் சோறு இறங்காது.

அந்த ஒன்பது வயசுப் பையன் அம்பேத்கர். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்று பின்னாளில் எழுதிய குறிப்புகளில் முதலாவதாக இதைத்தான் எழுதினார்.

பரனூர் டோல்கேட்டில் எனக்கு வந்த கோபத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

சத்திரங்கள் என்ன ஆயின? ரயில் வந்தது. 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில். 1860களின் ஆரம்பத்தில் நாகப்பட்டினம், தஞ்சாவூர், திருச்சி. 1914ல் பாம்பன் பாலமே திறந்தாகிவிட்டது. மூன்று வாரம் நடந்தவர்கள் ராத்திரி ஏறிக் காலையில் இறங்கினார்கள். நடைதூரத்துக்கு ஒரு சத்திரம் என்கிற கணக்கே அர்த்தமில்லாமல் போனது. இதற்கு நடுவில் 1855ல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, கம்பெனி மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. சத்திரங்கள் சர்க்கார் வசம் போய், பிறகு ஸ்தல ஸ்தாபனங்களின் கைக்கு வந்தன. வருமானத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடந்தன. தப்பில்லை. ஆனால் சாலையில் போகிற குழந்தை கணக்கிலிருந்து கழன்றுகொண்டது.

சென்னையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே ரயில் பயணிகளுக்காகச் சத்திரம் கட்டியவர் ராஜா சர் சவளை ராமசாமி முதலியார். ராயபுரத்தில் ஏழைப் பெண்களின் பிரசவத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி இருக்கிறதே, அதுவும் இவர் பேரில்தான். தஞ்சாவூர்ச் சத்திரத்தில் ஒரே கூரைக்குக் கீழே இருந்த இரண்டு வேலை, பட்டணத்தில் இரண்டு கட்டடமாகப் பிரிந்துவிட்டது. உஸ்கான் வழியில் வந்த கடைசிப் பெரிய மனிதர்களில் இவர் ஒருவர் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் மயிலாப்பூரில் போய் 'சத்திரம்' என்று சொன்னால், 'யாருக்குக் கல்யாணம்?' என்று கேட்கிற காலம் வந்துவிட்டது.

அடியோடு செத்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். பங்குனியில் அறுபத்து மூவர் அன்றைக்கு மாட வீதிக்குப் போய்ப் பாருங்கள். முக்குக்கு முக்கு நீர்மோர், பானகம், புளியோதரை. வாங்கிக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். வருஷத்தில் ஒரு நாள்.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2015ல் தமிழக பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பூட்டு, குப்பை என்று ஆயிரம் புகார் வந்தாலும், திறந்தது பெரிய விஷயம். பஸ்ஸில் போகிற அம்மாவை யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். காரில் போகிறவளைப் பற்றி, கார் வைத்திருக்கிறவனே பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. பார்த்துக்கொண்டேனே, துண்டைச் செருகி.

மத்தியானம் மூன்று மணிக்கு ஒரத்தநாடு. முத்தாம்பாள் சத்திரத்து வாசலில் காரை நிறுத்தினேன். முகப்பில் யானையும் குதிரையும் தேர் இழுப்பதுபோல் சிற்பம். பெரியவள் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பின்னாளில் இங்கே மாணவர்கள் தங்கிப் படித்தார்கள் என்றேன். மணி எங்கே என்று கேட்டாள். வழி நெடுகக் கதை சொல்லிக்கொண்டு வந்ததில் அவளுக்கு அது மட்டும்தான் பிடித்திருந்தது. தேடினோம். எங்கள் கண்ணில் படவில்லை.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் சின்னவன் மறுபடி ஆரம்பித்தான். ஏதோ ஒரு கிராமம். புளியமரம், கீற்றுக்கொட்டகை டீக்கடை. பாய்லருக்குப் பின்னால் இருந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து வந்துவிட்டார்.

'பச்சப்புள்ளய வெயில்ல வச்சிக்கிட்டு... உள்ள வா தாயி.'

கடைக்குப் பின்னாலேயே வீடு. பாய் விரித்தார். ஃபேனைப் போட்டார். என் மனைவி நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்து பால் கொடுத்ததை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தேன். பெரியவளுக்கு ஒரு டம்ளர் பாலை ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். காசு கொடுத்தபோது புள்ளைக்கு ஊத்துனதுக்குக் காசா என்றார்.

'எந்த ஊரு தம்பி?'

'மெட்ராஸும்மா. வீட்டுக்காரம்மாவுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம்.'

'அது சரி.' டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார். 'நீங்க என்ன ஆளுக?'

நான் பதில் சொல்லவில்லை. பெரியவள் டம்ளரை நீட்டி, 'பாட்டி, இன்னும் கொஞ்சம்' என்றாள். அவர் ஊற்றினார்.